பிலிப் நோலன்: டெக்சாஸ் எல்லையின் குதிரை வியாபாரி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த பிலிப் நோலன்?

அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் 1771இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே அமெரிக்கா வந்து கணக்கெழுதிப் பிழைத்தார். அப்புறம் ஸ்பெயின் ஆண்ட டெக்சாஸுக்குள் நான்கு முறை போனார். அங்கே திரிந்த குதிரைகளைப் பிடித்தும் வாங்கியும் மிசிசிப்பி ஆற்றங்கரைக்கு ஓட்டிவந்து விற்றார். 1801 மார்ச் 21 அன்று, முப்பதை எட்டும் வயதில், ஸ்பானியப் படையின் குண்டுக்கு இரையானார்.

அமெரிக்கப் பள்ளிப் புத்தகங்கள் இவரை டெக்சாஸுக்குள் புகுந்த முதல் சாகசக்காரர்களில் ஒருவராகச் சொல்லும். ஸ்பானிய ஆவணங்களில் இவர் ஊடுருவல்காரர். எனக்குத் தோன்றுவது வேறு. இவர் காகிதத்தை நம்பி வாழ்ந்தவர். கையில் அனுமதிச்சீட்டு இருந்த ஆண்டுகளில் வியாபாரி, அது இல்லாத ஆண்டில் கடத்தல்காரர். குதிரையும் அதே, வாங்குபவர்களும் அதே ஆட்கள்தான்.

டெக்சாஸ், லூசியானா இரண்டுமே ஸ்பெயினிடம்தான் இருந்தன. ஒரே ராஜாவின் இரண்டு மாகாணங்களுக்கு இடையில் எப்படிக் கடத்தல்?

நியாயமான கேள்வி. லூசியானா 1762 வரை பிரான்சிடம் இருந்தது. அதுவரை அந்தப் பக்கம் எதையும் விற்கக்கூடாது என்று டெக்சாஸில் தடை இருந்தது. பிரெஞ்சுக்காரன் அந்நியன் அல்லவா? பிறகு லூசியானாவே ஸ்பெயினின் கைக்கு வந்துவிட்டது. தடை மட்டும் போகவில்லை. நியூ ஆர்லியன்ஸில் உட்கார்ந்திருந்த ஆளுநர் ஒரு நிர்வாகத்துக்குப் பதில் சொன்னார். டெக்சாஸ் ஆளுநரோ, வடக்கு மாகாணங்களுக்கெல்லாம் தலைவராக மெக்சிகோவின் சிவாவா நகரில் இருந்த தளபதிக்குக் கட்டுப்பட்டவர். லூசியானா ஆளுநர் கொடுத்த சீட்டை டெக்சாஸ் ஆளுநர் மதிக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

1778இல் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. அப்போதைய தளபதி தியோடோரோ தெ க்ரோய், சூடு போடாத கால்நடை எல்லாம் அரசருக்குச் சொந்தம் என்று அறிவித்துவிட்டார். புல்வெளியில் தானாகத் திரியும் குதிரையைப் பிடித்தாலும் வரி கட்டவேண்டும். டெக்சாஸ் பண்ணைக்காரர்கள் கொதித்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பிடித்த குதிரைக்குத் திடீரென்று வரி என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆக, நோலன் வருவதற்கு முன்பே அந்தப் பகுதியில் பாதிப் பேர் ஏதோ ஒரு வகையில் சட்டத்தை மீறிக்கொண்டுதான் இருந்தார்கள். இரவோடு இரவாக லூசியானாவுக்கு மந்தையை ஓட்டுவது அங்கே ஊரறிந்த ரகசியம்.

அத்தனை காட்டுக்குதிரைகள் எங்கிருந்து வந்தன?

ஸ்பானியர்கள் கப்பலில் கொண்டுவந்தவைதான். பண்ணைகளிலிருந்தும் கிறிஸ்தவ மிஷன்களிலிருந்தும் தப்பியவை, கைவிடப்பட்டவை, பூர்வகுடிகள் ஓட்டிக்கொண்டு போனவை எல்லாம் புல்வெளியில் பெருகின. மஸ்டாங் என்று இன்று சொல்வது அவற்றைத்தான். குட்டையான உருவம், கடினமான குளம்பு, எதைத் தின்றும் பிழைக்கும் உடம்பு. மிசிசிப்பியின் கிழக்கே தோட்டங்களும் குடியேற்றங்களும் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே உழவுக்கும் வண்டிக்கும் சவாரிக்கும் குதிரை போதவில்லை. மேற்கில் பிடிப்பார் இல்லை, கிழக்கில் கிடைப்பதில்லை. இடையில் நானூறு மைல் தூரமும் ஒரு தடைச் சட்டமும். லாபத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

காட்டுக்குதிரையை எப்படிப் பிடித்தார்கள்?

சினிமாவில் வருவதுபோல ஒருவன் கயிற்றைச் சுழற்றிக்கொண்டு ஒரு குதிரையைத் துரத்துவது கதைக்கு நன்றாக இருக்கும், தொழிலுக்கு ஆகாது. நூற்றுக்கணக்கில் வேண்டுமென்றால் பட்டி கட்டவேண்டும்.

முதலில் மந்தை தண்ணீருக்கு வரும் தடத்தைக் கண்டுபிடிப்பார்கள். குதிரைகள் பழகிய தடத்தை எளிதில் மாற்றாது. அந்தத் தடத்தின் மேல், மரங்கள் மறைக்கும் இடமாகப் பார்த்து, உறுதியான கம்பங்களை நெருக்கமாக நட்டு வட்டமாக ஒரு பட்டி. அதன் வாயிலிலிருந்து இருபுறமும் நீண்ட வேலி, போகப்போக அகன்றுகொண்டே போகும். தூரத்தில் நிற்கும் குதிரைக்கு அது வேலி என்றே தெரியாது. வெட்டிப்போட்ட புதர்போல இருக்கும்.

பிறகு சவாரிக்காரர்கள் பிரிந்துகொள்வார்கள். சிலர் மந்தையைப் பின்னாலிருந்து கிளப்புவார்கள். சிலர் வழியில் அங்கங்கே மறைந்து நின்று, களைக்காத குதிரைகளில் துரத்தலில் சேர்ந்துகொள்வார்கள். மந்தை அகன்ற வாய்க்குள் நுழைந்ததும் கூச்சல், ஓட்டம். கடைசிக் குதிரை உள்ளே விழுந்ததும் வாயிலில் கட்டையைப் போட்டுவிடுவார்கள்.

கொடுமை அதன் பிறகுதான். மிரண்ட குதிரைகள் வேலியில் மோதும், ஒன்றன்மேல் ஒன்று ஏறும். கழுத்து முறிந்தும் மிதிபட்டும் பல சாகும். காயமே இல்லாமல் செத்துப்போகிற குதிரையும் உண்டு. சிலது ஆத்திரத்திலும் சிலது ஏக்கத்திலும் உயிரை விடும் என்று குதிரை பிடிப்பவர்களே சொல்லியிருக்கிறார்கள். பிணங்கள் அழுகும் நாற்றத்தால் ஒரு பட்டியை மறுபடி பயன்படுத்த முடியாமல் போவதும் உண்டு.

மிஞ்சியதைச் சுருக்கு வீசிப் பிடித்து, கீழே தள்ளி, முன்னங்கால்களைப் பிணைத்து, பசியும் தாகமுமாகச் சில நாள் போட்டால் கொஞ்சம் அடங்கும். பிறகு பழகிய குதிரையோடு கழுத்தைச் சேர்த்துக் கட்டி நடத்துவார்கள். மந்தைக்கு முன்னால் மணி கட்டிய பெட்டைக் குதிரை ஒன்று போகும். மற்றவை அந்த மணிச் சத்தத்தைப் பின்தொடரப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதிப் பாதி, வழியில் குறுக்கிடும் ஆறுகள்: டிரினிட்டி, நெச்சஸ், சபீன், ரெட் ரிவர், கடைசியில் மிசிசிப்பி.

நோலனின் முதல் பயணம் எப்படி இருந்தது?

தோல்வி. 1791இல் லூசியானா ஆளுநர் எஸ்தேபான் மீரோ கொடுத்த அனுமதியோடு டெக்சாஸுக்குள் போனார். பூர்வகுடிகளோடு பண்டமாற்று செய்வது திட்டம். டெக்சாஸ் அதிகாரிகள் அந்தச் சீட்டு செல்லாது என்று சொல்லிச் சரக்கைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். முதலும் போச்சு, திரும்பிப்போனால் கடன்காரன். எனவே இரண்டு ஆண்டுகள் பூர்வகுடிகளோடேயே தங்கிவிட்டார். வேட்டையாடினார், குதிரை பிடித்தார், பேச்சு புரியாத இனங்கள் தங்களுக்குள் பயன்படுத்தும் சைகை மொழியைக் கற்றுக்கொண்டார். தூரத்திலிருந்து பார்க்க அழகாக இருந்த வாழ்க்கை வாழ்ந்து பார்க்கையில் அப்படி இல்லை, என் மனத்தை இந்தியனாக (அதாவது அமெரிக்கப் பூர்வகுடியாக) மாற்ற முடியவில்லை என்ற பொருளில் பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதினார். திரும்பி வந்தபோது அவரிடம் 50 குதிரைகள் இருந்தன.

அந்தக் கடிதம் யாருக்கு எழுதப்பட்டது? வில்கின்சன் யார்?

ஜேம்ஸ் வில்கின்சனுக்கு. நோலனை வளர்த்துவிட்டவர் அவர்தான். கென்டக்கியிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்குப் புகையிலையும் மற்ற சரக்கும் அனுப்பிய வியாபாரி. நோலன் அவரிடம் கணக்கராகவும் முகவராகவும் இருந்தார். பின்னால் வில்கின்சன் அமெரிக்க ராணுவத்தின் தலைமைத் தளபதியாகவே ஆனார். அதே சமயம் ஸ்பெயினிடம் ரகசியமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். ஸ்பானியக் கோப்புகளில் அவர் 'முகவர் 13'.

இந்தச் சம்பளம் 1796இல் ஒருமுறை சர்க்கரை, காப்பிப் பீப்பாய்களுக்குள் ஒளித்து ஆற்றுவழியாக மேலே போயிருக்கிறது. ஒன்பதாயிரம் டாலருக்கு மேல். அந்தப் பீப்பாய்களைக் கைமாற்றியவர்களில் நோலனும் ஒருவர். குதிரைக் கடத்தலுக்கு முன்பே கடத்தலில் கைபழகியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எப்படி அனுமதி கிடைத்தது?

ஆள் பார்க்க வாட்டசாட்டம், பேச்சில் கெட்டிக்காரர். 1794இல் புதிய லூசியானா ஆளுநர் கரோந்தலேயிடம் சீட்டு வாங்கிக்கொண்டு மறுபடி புறப்பட்டார். இந்தமுறை அந்தச் சீட்டை மட்டும் நம்பவில்லை. நேராக சான் அன்டோனியோ போய் டெக்சாஸ் ஆளுநர் மனுவேல் முன்யோஸைப் பிடித்தார். அவர் மூலமாக, அந்த வட்டாரத்துக்கே தளபதியாக இருந்த பெத்ரோ தெ நாவாவிடம் லூசியானாவுக்குக் குதிரை ஏற்றிச்செல்ல உத்தரவு வாங்கிவிட்டார். 1795 முடிவதற்குள் 250 குதிரைகளோடு மிசிசிப்பிக் கரையில் இருக்கும் நாட்செஸ் நகருக்கு வந்து சேர்ந்தார்.

1797இல் மூன்றாவது பயணம். கரோந்தலே கொடுத்த சீட்டு மறுபடியும் கையில். அவருக்கு டெக்சாஸின் வரைபடம் ஒன்று போட்டுத் தருவதாகவும் வாக்குக் கொடுத்திருந்தார். போன சிறிது காலத்தில் கரோந்தலே மாற்றலாகிப்போக, அந்த இடத்துக்கு வந்தவர் கயோசோ தெ லெமோஸ். கயோசோவுக்கு நோலனைக் கண்டாலே ஆகாது. இந்த ஆள் பூர்வகுடிகளைத் தூண்டிவிடுவார், அமெரிக்கர்களுக்கு வழிகாட்டுவார் என்று மெக்சிகோவில் இருந்த வைஸ்ராய்க்கே எழுதிவிட்டார். ஆனால் டெக்சாஸ் பக்கம் முன்யோஸும் நாவாவும் நோலனுக்குக் கைகொடுத்தார்கள். இரண்டு ஆண்டு உள்ளேயே இருந்துவிட்டு 1799இல் 1,200க்கும் மேற்பட்ட குதிரைகளோடு வெளியே வந்தார். அவர் வாழ்க்கையின் உச்சம் அதுதான்.

அதே 1799 ஜூலையில் கயோசோவும் செத்தார், முன்யோஸும் செத்தார். எதிரி போனதால் ஒரு லாபமும் இல்லை. சந்தேகம் ஏற்கெனவே கோப்பில் ஏறிவிட்டது, காப்பாற்ற இருந்த ஆள்தான் இல்லாமல் போனார். மறு ஆண்டு நாவாவே, நோலன் திரும்பி வந்தால் பிடித்துப்போடுங்கள் என்று உத்தரவிட்டார்.

தாமஸ் ஜெஃபர்சனுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

1798 ஜூனில், அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராக இருந்த ஜெஃபர்சன் நோலனுக்கு ஒரு கடிதம் எழுதினார். மிசிசிப்பிக்கு மேற்கே உள்ள காட்டுக்குதிரைகளைப் பற்றிய தகவல் வேண்டும். குதிரையை இயற்கை நிலையில் கவனிக்க உலகத்தில் இதுவே கடைசி வாய்ப்பாக இருக்கலாம் என்று கேட்டிருந்தார். அப்போது நோலன் டெக்சாஸில். கடிதத்தை நியூ ஆர்லியன்ஸ் வியாபாரி டேனியல் கிளார்க் வாங்கிப் பதில் எழுதினார். 1800இல் வில்கின்சனும் நோலனை அறிமுகப்படுத்தி ஜெஃபர்சனுக்கு எழுதினார்.

ஜெஃபர்சனின் ஆர்வம் உண்மையில் விலங்கியல் சார்ந்ததாகவே இருக்கலாம். ஆனால் ஸ்பானிய அதிகாரியின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். அனுமதி இல்லாத நிலப்பரப்பில் திரிகிற ஆளுக்கு, பக்கத்து நாட்டுத் துணைத் தலைவர் குதிரையைப் பற்றிக் கடிதம் எழுதினார் என்றால் நம்புவீர்களா?

அப்படியானால் நோலன் ஒற்றரா?

வரைபடம், ஜெஃபர்சன், வில்கின்சன் மூன்றையும் சேர்த்துப் பார்த்து ஆமாம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு தூரம் போகத் தோன்றவில்லை. எல்லையில் தகவலும் ஒரு சரக்கு. வரைபடம் ஒன்றை ஸ்பானிய ஆளுநருக்கும் வாக்களித்தார், அமெரிக்கத் தளபதியிடமும் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். யார் கேட்டாலும் கொடுப்பவரை ஒற்றர் என்பதைவிடத் தரகர் என்பது பொருந்தும். அவர் வரைந்த டெக்சாஸ் வரைபடம் இதுவரை கிடைக்கவில்லை.

குடும்பம்?

சான் அன்டோனியோவில் ஒரு பெண்ணோடு வாழ்ந்தார், மகள் ஒருத்தி உண்டு. 1799 டிசம்பரில் நாட்செஸில் தோட்ட முதலாளி ஒருவரின் மகளான ஃபேனி லின்டாட்டை முறைப்படி மணந்தார். ஃபேனியின் அக்காள் கணவர் ஸ்டீபன் மைனர், ஸ்பானிய ஆட்சியில் நாட்செஸில் பெரிய பதவி வகித்தவர். வசதியான வீடு, செல்வாக்கான சகலை, அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். பத்து மாதத்தில் மறுபடி கிளம்பிவிட்டார். மகன் பிறந்ததை அவர் பார்க்கவில்லை.

கடைசிப் பயணத்தில் என்ன நடந்தது?

1800 அக்டோபரில் நாட்செஸிலிருந்து முப்பது பேருக்குச் சற்றுக் குறைய அல்லது கூடப் புறப்பட்டார்கள். எல்லோரிடமும் துப்பாக்கி. சீசர், ராபர்ட் என்ற இரண்டு கறுப்பின அடிமைகளும் உடன் போனார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்கமாட்டார்கள். இந்தமுறை செல்லுபடியாகும் சீட்டு எதுவும் இல்லை. நாட்செஸ் அப்போது அமெரிக்காவின் கைக்கு வந்துவிட்டதால், ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஸ்பானிய அதிகாரி அமெரிக்க ஆளுநரிடம் முறையிட்டுப் பார்த்தார். பயனில்லை.

வாஷிட்டா ஆற்றுப் பக்கம் ஸ்பானியக் காவல்படை மறித்தது. துப்பாக்கிகளைப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டது. இதற்கிடையில் மொர்டெகாய் ரிச்சர்ட்ஸ் என்பவர் பயந்து கூட்டத்தைவிட்டு ஓடிப்போய் அதிகாரிகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவர் மகன் ஸ்டீபன் நோலனோடேயே இருந்தார்.

கூட்டத்தில் 17 வயதுப் பையன் ஒருவன், பெயர் எலிஸ் பீன். பின்னாளில் அவர் எழுதிய நினைவுக் குறிப்புகள்தான் உள்ளே நடந்ததை நமக்குச் சொல்கின்றன. வழியில் உணவு தீர்ந்து குதிரைக்கறி தின்றார்கள். பிராசோஸ் ஆற்றுப் பகுதியில் பட்டி கட்டிச் சுமார் 300 குதிரைகளைப் பிடித்தார்கள். கொமாஞ்சி என்ற பூர்வகுடி இனத்தாரோடு ஒரு மாதம் தங்கினார்கள். திரும்பிய பிறகு ஒரு பூர்வகுடிக் கூட்டம் இவர்களுடைய பழகிய குதிரைகள் பதினொன்றை ஓட்டிக்கொண்டு போய்விட்டது. பழகிய குதிரை இல்லாவிட்டால் காட்டுக்குதிரையைப் பிடிக்கவே முடியாது. நோலன், பீன், சீசர் உட்படச் சிலர் கால்நடையாகவே தேடிப்போய் மீட்டுவந்தார்கள்.

1801 மார்ச் 4 அன்று மிகேல் முஸ்கிஸ் என்ற ஸ்பானிய அதிகாரி கிழக்கு டெக்சாஸின் நாக்கடோச்சஸிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்களோடு கிளம்பினார். கூடவே ஒரு சிறிய பீரங்கி. மொழிபெயர்ப்பாளராக வந்தவர் வில்லியம் பார். இவரும் அயர்லாந்துக்காரர், இவரும் வியாபாரிதான். ஆனால் பூர்வகுடிகளோடு வியாபாரம் செய்ய ஸ்பெயினின் உரிமம் பெற்ற நிறுவனத்தின் பங்காளி. மார்ச் 21 விடிகாலையில் நோலனின் மரக்கட்டைக் கூடாரத்தைச் சூழ்ந்துகொண்டு, சரணடையச் சொல்லி பார் கூப்பிட்டார். உரிமம் உள்ள அயர்லாந்துக்காரர் வெளியே, உரிமம் இல்லாத அயர்லாந்துக்காரர் உள்ளே. நோலன் மறுத்தார். சண்டை தொடங்கிச் சிறிது நேரத்தில் தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். மற்றவர்கள் சிறிது நேரம் தாக்குப்பிடித்துவிட்டுச் சரணடைந்தார்கள்.

காதுகளை அறுத்துக்கொண்டு போனது உண்மையா?

உண்மை. முஸ்கிஸே அதைப் பதிவு செய்திருக்கிறார். நோலன் செத்ததற்குச் சான்றாக ஆளுநருக்கு அனுப்ப இரண்டு காதுகளும் வெட்டப்பட்டன. உடலைப் புதைக்க அனுமதி கேட்டுப் புதைத்தவர்கள் அந்த இரண்டு அடிமைகள். இடம் இன்றைய ஹில் கவுன்டிப் பக்கம் என்று பலரும் கருதுகிறார்கள். அருகில் ஓடும் சிற்றாற்றுக்கு நோலன் ஆறு என்று பெயர். மேற்கு டெக்சாஸில் நோலன் கவுன்டியும் இருக்கிறது.

பிடிபட்டவர்கள் என்ன ஆனார்கள்?

முதலில் ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்றார்கள். அனுப்பியது மெக்சிகோவின் உட்பகுதிக்கு; சான் அன்டோனியோ, சான் லூயிஸ் பொதோசி, கடைசியில் சிவாவா. 1804இல் ஒரு நீதிபதி விடுதலை செய்யச் சொன்னார். தளபதி நெமேசியோ சல்செதோ ஒப்புக்கொள்ளாமல் வழக்கை ஸ்பெயின் அரசருக்கு அனுப்பிவைத்தார். கடல் கடந்து தீர்ப்பு வர 1807 ஆகிவிட்டது: ஐந்துக்கு ஒருவர் தூக்கு, யார் என்பதைப் பகடை முடிவு செய்யட்டும்.

அதற்குள் எஞ்சியவர்கள் ஒன்பது பேர்தான். எனவே ஒருவர் செத்தால் போதும் என்று அதிகாரிகள் கணக்குப் பார்த்தார்கள். ஒரு முரசைக் கொண்டுவந்து வைத்தார்கள். கண்ணைக் கட்டி, மண்டியிடவைத்து, கண்ணாடிக் குவளையில் போட்ட இரண்டு பகடைகளை அதன் மேல் உருட்டச் சொன்னார்கள். எஃப்ரயிம் பிளாக்பர்ன் என்பவருக்கு மூன்றும் ஒன்றும் விழுந்தது. மொத்தம் நான்கு, அதுதான் எல்லோரிலும் குறைவு. 1807 நவம்பர் 11 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். காட்டுக்குதிரை பிடித்ததற்கும் நாட்டுக்குள் புகுந்ததற்கும் ஒரு மனிதர் ஆறரை ஆண்டு சிறைக்குப் பிறகு பகடையால் சாவது என்பதை எந்தச் சட்டத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பீன் தப்பித்தாரா?

பலமுறை தப்பிக்க முயன்று பலமுறை பிடிபட்டார். அகபுல்கோ கோட்டையின் இருட்டுச் சிறையில் தனியாகக் கிடந்தபோது ஒரு வெள்ளைப் பல்லியைப் பழக்கித் துணைக்கு வைத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறார். அதற்கு பில் என்று பெயர்கூட வைத்தார். மெக்சிகோவில் விடுதலைப்போர் மூண்டதும் புரட்சியாளர்களை அடக்க அவரை வெளியே விட்டார்கள். போய் மொரேலோஸின் புரட்சிப்படையிலேயே சேர்ந்துவிட்டார். விடுதலைக்குப் பின் மெக்சிகோ ராணுவத்தில் கர்னலாகி, 1846இல் ஹலாப்பாவில் காலமானார். வாய்வீச்சு கொஞ்சம் அதிகம் உள்ள ஆள். குறிப்புகளை அந்த எச்சரிக்கையோடு படிப்பது நல்லது.

'நாடற்றவன்' கதையில் வரும் பிலிப் நோலன் இவர்தானா?

இல்லை. 1863இல் வெளிவந்த அந்த அமெரிக்கக் கதையின் நாயகன் கற்பனைப் பாத்திரம், தேசத்துரோகத்துக்காகக் காலமெல்லாம் கப்பலில் கழிக்கும் ராணுவ அதிகாரி. பெயர் மட்டும்தான் பொது. கதை பெரும்புகழ் பெற்றுவிட்டதால் நிஜ நோலனைத் தேடுபவர்களுக்குத்தான் தலைவலி.

நோலனுக்குப் பிறகு குதிரைக் கடத்தல் நின்றதா?

எங்கே நின்றது? 1803இல் லூசியானாவை அமெரிக்கா விலைக்கு வாங்கிவிட்டது. அதுவரை மாகாண எல்லையாக இருந்தது நாட்டெல்லை ஆனது. கோடு எங்கே என்பதில் தகராறு வந்து, 1806இல் இரு படைகளும் நேருக்கு நேர் நின்றன. கடைசியில் சபீன் ஆற்றுக்கும் அரோயோ ஓண்டோ என்ற ஓடைக்கும் இடைப்பட்ட நிலத்தில் யாருடைய படையும் நுழையக்கூடாது என்று இரு தளபதிகளும் பேசி முடித்தார்கள். படை நுழையாத இடத்தில் வேறு யார் நுழைவார்கள்? பதினைந்து ஆண்டுகளுக்கு அது கடத்தல்காரர்கள், தப்பியோடியவர்கள், குதிரைத் திருடர்கள் எல்லோருக்கும் புகலிடமாக இருந்தது. அமெரிக்கத் தரப்பில் அந்த ஒப்பந்தத்தை முடித்த தளபதி, ஜேம்ஸ் வில்கின்சன்.